உக்கடம் சுற்றிப் போகும் வழி

எங்கள் ஊரிலிருந்து சின்னம்மா ஊருக்குப் போக இரண்டு பஸ் ஏற வேண்டும். முதல் பஸ் பாலக்காடு ரோட்டைப் பிடித்துக் கோயமுத்தூரில் உக்கடம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும். அங்கே இறங்கி, ஸ்டாண்டின் அந்தக் கோடிக்கு நடந்து, பொள்ளாச்சி ரோட்டில் போகிற டவுன் பஸ்ஸுக்குக் காத்து நிற்க வேண்டும். காலையில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் சின்னம்மா வீட்டில் மத்தியானச் சோற்றுக்கு உட்காரலாம். சின்னம்மா என்றால் அம்மாவின் ஒரே தங்கை. அவரை இவ்வளவு தூரத்தில் கட்டிக்கொடுத்துவிட்டார்களே என்று சிறு வயதில் எனக்கு வருத்தம் உண்டு.

பள்ளிக்கூடத்தில் ஒருமுறை அவரவர் ஊரையும் சொந்தக்காரர் ஊரையும் படம் போட்டு வரச் சொன்னார்கள். நான் தாளின் இடது ஓரத்தில் எங்கள் ஊர், நடுவில் கோயமுத்தூர், வலது ஓரத்தில் சின்னம்மா ஊர் என்று போட்டேன். மீதி இடம் வெறுமையாகக் கிடந்ததால் ஒரு மலையையும் வைத்தேன். டீச்சர் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். அவரும் பஸ்ஸில் வந்து போகிறவர்தானே.

படம் தப்பு என்று தெரிந்தது சின்னம்மா வீட்டு மொட்டை மாடியில். அரசாங்கம் கட்டிக்கொடுத்த காலனி வீடு அது. பரீட்சை லீவில் போயிருந்தபோது மிளகாய் காயப்போட மாடிக்கு ஏறினேன். ஏணியில் ஏறி நிமிர்ந்தால், தென்னந்தோப்புகளுக்கு அந்தப் பக்கம் ரோஸ் கலரில் ஒரு தண்ணீர் டேங்க். ரோஸ் கலர் டேங்க் சுற்றுவட்டாரத்தில் ஒன்றே ஒன்றுதான் உண்டு, அது எங்கள் ஊரில் இருக்கிறது. பஞ்சாயத்தில் யாரோ வீட்டுக் கல்யாணத்துக்கு வாங்கி மிஞ்சிய பெயிண்டை அதற்கு அடித்துவிட்டார்கள் என்று ஊரே சிரித்த டேங்க். நான் மிளகாயை அப்படியே போட்டுவிட்டுக் கீழே ஓடி வந்தேன்.

"சின்னம்மா, எங்கூரு டேங்க் தெரியுதுங்க."

"தெரியாம? அந்தா இருக்குது உங்கூரு. பொடிநடையாப் போனாலே சீக்கிரம் போயிரலாம்."

"அப்பறம் எதுக்குங்க உக்கடம் போய்ச் சுத்திட்டு வாரோம்?"

சின்னம்மா முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஒறம்பரையா விருந்துக்கு வாரவிய யாரு குறுக்கால வருவா? போ அம்மணி, மொளகா அள்ளிக்கிட்டு வா, மேகம் கட்டுது."

மேகம் ஒன்றும் கட்டவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது.

கோயமுத்தூர் பஸ் தடங்களைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். மாட்டு வண்டிச் சக்கரத்தைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் குடம், அதிலிருந்து கிளம்புகிற ஆரக்கால்கள், ஆரக்கால்களின் நுனிகளைச் சேர்த்துப் பிடிக்கிற வட்டை. எங்கள் பஸ் தடங்களில் குடம் இருந்தது. ஆரக்கால்களும் இருந்தன: பாலக்காடு ரோடு, பொள்ளாச்சி ரோடு, திருச்சி ரோடு, அவிநாசி ரோடு, சத்தி ரோடு, மேட்டுப்பாளையம் ரோடு. வட்டைதான் இல்லை. எந்த ஆரக்காலிலிருந்து எந்த ஆரக்காலுக்குப் போவதென்றாலும் குடத்துக்குப் போய்த்தான் திரும்ப வேண்டும். வண்டியாக இருந்தால் ஓர் அடி நகராது. ஜனங்கள் எப்படியோ ஓட்டிக்கொண்டிருந்தோம்.

பஸ் எப்படிப் போகிறதோ அப்படித்தான் மனுஷர்களும் போனார்கள். ஒரே ரோட்டில் இருக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் பழக்கம். கடைசி ஊர்க்காரருக்கும் முதல் ஊர்க்காரருக்கும் ஒரே கண்டக்டரைத் தெரியும், அந்தக் கண்டக்டரின் கோபதாபம் தெரியும். பெண் கொடுப்பதும் எடுப்பதும்கூட பஸ் தடத்தின் மேல்தான் நடந்தது. "நம்ம பஸ்லயே வந்து போற எடமாப் பாருங்க" என்று தரகரிடம் சொல்லிவைப்பார்கள். மாப்பிள்ளை என்ன வேலை, ஜெபமாலை சொல்லுகிற குடும்பமா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். பக்கத்து ரோட்டு ஊர் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்கும். அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் தெரியாது. ஆனால் அங்கே இருக்கிறவர்களை உக்கடத்தில் டீக்கடையில் பார்த்துச் சிரித்திருப்போம்.

வட்டை அடியோடு இல்லை என்றும் சொல்ல முடியாது. எங்கள் ஊருக்கும் சின்னம்மா ஊருக்கும் நடுவே வண்டித்தடம் ஒன்று போனது. அது ஒரு பெரிய தோட்டத்தின் வேலியை ஒட்டிப் போய், தோட்டத்துக்காரர்கள் குடியிருக்கிற தெரு வழியாக நுழைந்து, அந்தப் பக்கம் வெளியேறும். எங்கள் காலனிக்காரர்கள் அந்தத் தெருவுக்குள் போனால் சைக்கிளிலிருந்து இறங்கி உருட்டிக்கொண்டு போக வேண்டும். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். எழுதிவைத்த சட்டம் ஒன்றும் கிடையாது. அப்படித்தான் போய்க்கொண்டிருந்தார்கள். வேலைக்குப் போகிறபோது சரி, பழகிவிட்டது. நல்ல துணி உடுத்திக்கொண்டு, பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு விசேஷத்துக்குப் போகிறபோது அந்தத் தெரு வேண்டாமே என்று நினைத்தார்கள். பஸ் வந்தபிறகு அதற்கு வழி கிடைத்துவிட்டது. டிக்கெட் எடுத்தால் செருப்புக் காலோடு உட்கார்ந்து போகலாம், உக்கடத்தில் எந்த ஊர், யார் வீடு என்று ஒருவரும் கேட்கப்போவதில்லை. ஆகவே நல்லது கெட்டதுக்கு உக்கடம் போய்த்தான் போவது என்று எங்கள் ஜனங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. பிள்ளைகளுக்குக் காரணம் சொல்ல மாட்டார்கள். சகுனம் பார்க்கிறார்கள் போல என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் அப்பா இந்த வழக்கத்தில் மற்றவர்களைவிடப் பிடிவாதமாக இருந்தார். அவர் சிறு பிராயத்திலிருந்து அந்தப் பெரிய தோட்டத்தில் பண்ணையத்துக்கு, கூலியாளாக, இருந்தவர். கல்யாணமான புதிதில் ஒருநாள் டவுனில் புதுச் செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு தோட்டம் வழியாக வந்தவர், தோட்டத்துக்காரர் தெரு முனையில் அதைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாராம். மறுநாள் தோட்டத்துக்குப் போகவில்லை. உக்கடம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கப் போய்விட்டார். சண்டையும் இல்லை, சத்தமும் இல்லை. அதற்குப் பிறகு வண்டித்தடத்தில் அவர் கால் வைத்ததில்லை என்று அம்மா சொல்வார்.

இதனால் அம்மாவும் சின்னம்மாவும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் வருவது கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் என்று ஆனது. மற்ற நாளில் உக்கடத்தில் பார்த்துக்கொள்வார்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, அம்மா இந்தப் பஸ்ஸில் வந்து இறங்குவார், சின்னம்மா அந்தப் பஸ்ஸில் வந்து இறங்குவார். ஸ்டாண்டை ஒட்டி ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, கொண்டுவந்த முருங்கைக்காயையும் எலுமிச்சங்காயையும் மாற்றிக்கொண்டு, இரண்டு பஸ் போகும்வரை பேசுவார்கள். நானும் போயிருக்கிறேன். ஒருத்தியை ஒருத்தி பார்க்க, வீட்டிலிருந்தபடி கூப்பிட்டால் கேட்கிற தூரத்தைவிடக் கொஞ்சமே தள்ளி இருக்கிற அக்காவும் தங்கையும் டவுனுக்குப் போய்ப் புகையிலும் ஹாரன் சத்தத்திலும் உட்கார்ந்திருந்தார்கள். அப்போது அது எனக்கு வேடிக்கையாக இருந்தது. பிஸ்கட் கிடைக்கும் என்பதால் சந்தோஷமாகவும் இருந்தது.

நான் ப்ளஸ் டூ படிக்கும்போது அம்மா போய்விட்டார். மஞ்சள் காமாலை என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. தகவல் சின்னம்மா ஊர் மளிகைக்கடை போனுக்குப் போனது. அவர் அழுதுகொண்டு பொள்ளாச்சி ரோட்டுக்கு ஓடிவந்து, பஸ் ஏறி, உக்கடத்தில் எங்கள் பஸ்ஸை விட்டுவிட்டு, அடுத்ததைப் பிடித்து வந்து சேர்ந்தபோது கல்லறையில் மண்ணைச் சமப்படுத்திக்கொண்டிருந்தார்கள். பங்குச் சாமியாருக்கு வேறு ஊரில் பூசை இருந்ததால் காத்திருக்க முடியவில்லை. சின்னம்மா அந்த ஈர மண் மேல் படுத்துக்கொண்டு புரண்டார். குறுக்கே ஓடி வந்திருந்தால் முகம் பார்த்திருப்பார். எனக்கு அன்றைக்கு எல்லோர் மேலும் ஆத்திரம் வந்தது. தெருக்காரர்கள் மேல், பஸ் மேல், சாமியார் மேல், எல்லாவற்றுக்கும் மேலாக அப்பா மேல். துக்க வீட்டில் யாரிடம் போய்க் கேட்பது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

படிப்பு முடிந்ததும் உக்கடம் பஸ் ஸ்டாண்டிலேயே எஸ்.டி.டி. பூத் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். கண்ணாடிக் கூண்டு, உள்ளே போன், வெளியே நான். எல்லா ரோட்டு ஜனங்களும் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்றார்கள். ஒரு மாதத்தில், நடையை வைத்தே எந்த பஸ்ஸுக்குப் போகிறவர் என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டேன். கேரளா பஸ்ஸுக்குப் போகிறவர் நேரே போவார். டவுன் பஸ்ஸுக்குப் போகிறவர் ஓடுவார். அப்பா மார்க்கெட்டில் மத்தியானம் வேலை முடிந்ததும் பூத்துக்கு வந்து, என் டப்பாவில் மிச்சம் வைத்த சோற்றைத் தின்றுவிட்டு, டப்பாவைக் கழுவி வைத்துவிட்டுப் போவார்.

எனக்குப் பெண் பார்த்ததும் அந்த ஸ்டாண்டில்தான். சின்னம்மா பேசி முடித்த இடம். மாப்பிள்ளை அவர் ஊர்க்காரர், கணபதியில் ஒரு லேத் பட்டறையில் வேலை. எங்கள் வீட்டுக்கு அவர்கள் வருவதென்றால் ஒரு பகல் போய்விடும், ஆகையால் நடுவில் பார்த்துவிடலாம் என்று முடிவானது. டீக்கடை பெஞ்சில் அவர் அம்மாவும் மாமாவும் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை ஷிப்ட் முடிந்து காந்திபுரத்திலிருந்து வந்து இறங்கினார். கை கழுவியிருந்தார், நகக்கண்ணில் கிரீஸ் போகவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த பார்வையைப் பால் பாத்திரத்தின் மேல் வைத்துக்கொண்டார். எனக்கு அந்த வெட்கம் பிடித்துவிட்டது. பேச்சு ஆரம்பிப்பதற்குள் அவர்கள் ஏற வேண்டிய பஸ்ஸை டிரைவர் எடுத்துவிட்டான். மாமா எழுந்து ஓடினார். படியில் தொற்றிக்கொண்டு, "புடிச்சிருக்குதுங்க, நீங்க சாமியாருகிட்டச் சொல்லிப்போடுங்க" என்றார். பஸ் போய்விட்டது. என் கல்யாணம் அப்படித்தான் நிச்சயமானது.

அப்பா மட்டும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தார். "ரெண்டு பஸ் மாறோணுமே கண்ணு" என்றார்.

"மாறத்தான் வேண்டாமேங்கப்பா. வண்டித்தடத்துல வந்தா முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டேன்.

கல்யாணமான பிறகு நான் அந்தத் தடத்தில் போய்ப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் சைக்கிளை மிதித்தார், நான் கேரியரில் உட்கார்ந்திருந்தேன். தெரு வந்தது. அவர் இறங்கவில்லை, நானும் இறங்கவில்லை. செருப்பு காலில்தான் இருந்தது. நான் கேரியரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஒரு வாசலில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி அரிய ஆரம்பித்தார். அவ்வளவுதான். "இப்பெல்லாம் யாரு கேக்கறாங்க" என்றார் வீட்டுக்காரர். அப்பா வீட்டு வாசலில் போய் இறங்கியபோது வியர்வைகூட வரவில்லை, அவ்வளவு பக்கம். நான் அப்பாவிடம் ஆசையாகச் சொன்னேன். அவரைச் சைக்கிளில் உட்காரவைத்து எங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போய்விடலாம் என்று நினைத்திருந்தேன்.

"நீங்க போங்க மாப்பிள்ளை. நான் உக்கடம் போய் வாரேன்" என்றார் அப்பா.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அம்மா சாவுக்குச் சின்னம்மா பட்ட பாடு தொடங்கி எல்லாவற்றையும் கொட்டினேன். அங்கே ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை, காலம் மாறிவிட்டது, நீங்கள்தான் இன்னும் பயந்து சாகிறீர்கள் என்றேன். அவர் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவிய ஒண்ணும் சொல்ல மாட்டாங்கன்னு எனக்கும் தெரியும் கண்ணு. சொன்னாக்கூடப் பரவால்ல, திருப்பிச் சொல்லிப்போடலாம். அந்தத் தெரு முக்குல போய் நின்னா என்ற கை தானாக் குனிஞ்சு செருப்புக்குப் போவுது. உங்கம்மா செத்தப்பறம் ஒருக்கா போய் நின்னு பாத்தேன். போவுது. அதைய நான் என்ன பண்றது?"

அதற்கு மேல் அவரிடம் நான் வாதாடவில்லை.

அவர் உக்கடம் போய் வரவும் இல்லை. சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோடு போவதா என்பார், வேலை இருக்கிறது என்பார். அதனால் பாதகமில்லை என்று நான் இருந்ததற்குக் காரணம், தினமும் அவரைப் பூத்தில் பார்த்துக்கொண்டிருந்ததுதான். பையன் பிறந்ததும் அது நின்றது. வேலையை விட்டுவிட்டேன். பிரசவம் பெரியாஸ்பத்திரியில், பத்தியமெல்லாம் சின்னம்மா வீட்டில். அப்பா ஆஸ்பத்திரிக்கு வந்து குழந்தையின் காலைத் தொட்டுப் பார்த்தார். அதற்குப் பிறகு அவருக்கு முட்டி போய்விட்டது. அத்தனை வருட மூட்டை சும்மா விடுமா. மார்க்கெட்டுக்கு முழுக்குப் போட்டார். டவுன் பஸ் படியில் ஏற முடியவில்லை, ஏறினாலும் ஸ்டாண்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடக்க முடியவில்லை. நான் பையனைத் தூக்கிக்கொண்டு அவ்வப்போது போவேன். வீட்டுக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் இல்லாமல் இருக்க வேண்டும், சைக்கிள் பஞ்சர் இல்லாமல் இருக்க வேண்டும், பையனுக்குச் சளி இல்லாமல் இருக்க வேண்டும். எல்லாம் கூடி வருகிற ஞாயிறு எத்தனை வந்துவிடப்போகிறது. தாத்தா என்றால் யாரென்று தெரியாமலே என் பிள்ளை வளர்ந்துவிடுவான் என்று எனக்குப் பயமாக இருந்தது. ரோஸ் கலர் டேங்க் மாடியிலிருந்து தெரிகிறது, அதன் அடியில் உட்கார்ந்திருக்கிறவரை இங்கே கொண்டுவர எனக்கு வழியில்லை. அந்த நாட்களில் மாடிக்குத் துணி காயப்போடப் போனால்கூட எனக்கு அழுகை வரும்.

அப்போதுதான் மினி பஸ் வந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் ஊர் ஊருக்கு அந்தக் குட்டி பஸ்களை விட்டார்கள். பெரிய பஸ் போகாத சந்துபொந்தெல்லாம் போகும் என்றார்கள். எங்கள் வண்டித்தடத்துக்குத் தார் போட்டு, பாலக்காடு ரோட்டிலிருந்து பொள்ளாச்சி ரோட்டுக்கு ஒன்றை ஓட்டினார்கள். தாழ்வான படி. உள்ளே சினிமாப் பாட்டு. எங்கள் சக்கரத்துக்கு வட்டையில் ஒரு துண்டு வைத்து அடித்தாயிற்று என்று நான் பூரித்துப்போனேன். உக்கடம் பக்கமே போகாமல் அப்பா இங்கே வந்துவிடலாம். தெருவில் காலே வைக்க வேண்டாம், பஸ் அதன் பாட்டுக்குக் கடந்து வந்துவிடும்.

பையனின் முதல் பிறந்தநாளுக்கு அவரை அழைத்தோம். பிரியாணிக்குச் சொல்லி, வாசலில் சாமியானா போட்டு, ஒவ்வொரு மினி பஸ்ஸுக்கும் நான் ஸ்டாப்புக்குப் போய் நின்றேன். அவர் வரவில்லை. மறுநாள் மளிகைக்கடைக்குப் போன் வந்தது.

"அந்தத் தெருவுக்குள்ள ஒரு ஸ்டாப்பு வெச்சிருக்காங்க கண்ணு" என்றார்.

"நின்னா நிக்கட்டுமேங்கப்பா. நீங்க எறங்கப்போறதில்லையே."

"அவிய ஏறுவாங்கல்ல."

நான் போனை வைத்துவிட்டேன். வைத்துவிட்டேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. கடைக்காரர் திரும்பிப் பார்க்கும்படி வைத்தேன். வீட்டுக்கு வந்து மிச்சமிருந்த பிரியாணியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். ஒரு மனுஷர் தனக்குத் தானே போட்டுக்கொண்ட வேலியைத் தாண்ட ரோடும் வந்து, பஸ்ஸும் வந்தபிறகு, இன்னும் நான் என்ன செய்ய முடியும் என்று நினைத்தேன். இனி அவரைக் கூப்பிடுவதில்லை என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் நல்லவர், சரி என்று தலையாட்டிவிட்டுச் சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போனார்.

ஒரு புதன்கிழமை, காலை நேரம். குழந்தைக்கு ராகிக்கூழ் ஊட்டிக்கொண்டிருந்தேன். மினி பஸ் பாட்டுச் சத்தம் ஸ்டாப்பில் நின்று, மறுபடி கிளம்பிப் போனது. கொஞ்ச நேரம் கழித்து வாசலில் நிழல் விழுந்தது. அப்பா நின்றுகொண்டிருந்தார். சலவை வேட்டி. கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். கூழ்க்கையோடு எழுந்து நின்றவளுக்குக் கண்ணீர்தான் வந்தது.

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். சொம்புத் தண்ணீரை அண்ணாந்து முழுவதும் குடித்தார். பையன் அவரைக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டு, தவழ்ந்து போய்ப் பழத்தைப் பிடித்துக்கொண்டான். அப்பா ஒன்றை உரித்துப் பிய்த்துக் கொடுத்தபடி, என்னைப் பார்க்காமல் பேச ஆரம்பித்தார்.

"தெரு ஸ்டாப்புல பெரியவரு ஏறுனாரு."

எந்தப் பெரியவர் என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. தோட்டத்துக்காரர். அப்பா அந்தத் தோட்டத்தை விட்டு வந்தபோது அவருக்கு அது சொந்தமாக இருந்தது. இப்போது பேரன்கள் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேள்வி.

"உக்கார எடமில்ல. எம்பக்கத்துல வந்து கம்பியப் புடிச்சுட்டு நின்னாரு. ரொம்பத் தளந்துபோட்டாரு. நான் எந்திரிக்கறதுக்கு முட்டியில கைய ஊனீட்டேன். அவரு என்ற தோள்ல கைய வெச்சு அமுத்தி, 'உக்காருங்க, உக்காருங்க, காலு செரியில்லையாட்ட இருக்குது, நான் அடுத்த ஸ்டாப்புல எறங்கிக்கறேன்'னு சொல்லிப்போட்டாரு."

"தோள்ல கை வெச்சா?"

"ஆமா." பழத்தில் இன்னொரு துண்டைப் பிய்த்தார். "என்னைய அவருக்குத் தெரியவே இல்ல கண்ணு."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. நான் பிறப்பதற்கு முன்னாலிருந்து இவர் ஒரு மனிதருக்காக டவுனைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார். அவருக்கு இவர் யாரென்றே நினைவில்லை. சிரிப்பு தொண்டைக்கு வருவதற்குள் வேறு என்னவோ ஆகிவிட்டது. வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த அம்மா, மண் மேல் புரண்ட சின்னம்மா, எல்லாம் சேர்ந்து கண் முன்னால் வந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் சந்தோஷப்படவும் இல்லை, கோபப்படவும் இல்லை. ஏமாந்துபோன மாதிரி இருந்தார்.

"நீங்க இன்னாருன்னு சொல்லலீங்களா?"

"சொல்லல." பையனின் வாயைத் துண்டால் துடைத்துவிட்டார். "வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லியிருந்தா நான் எந்திரிச்சிருப்பேன்."

மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டார். பையனை மடியில் போட்டுக்கொண்டு அவனோடு சேர்ந்து தூங்கினார். சாயங்காலம், மறுபடி அந்தத் தெரு ஸ்டாப்பு அவருக்கு வேண்டாமே என்று நினைத்து, உக்கடம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, நான் வேண்டுமானால் ஸ்டாண்டுவரை வந்து அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன் என்றேன்.

"உக்கடம் எதுக்கு? மினி பஸ் இருக்குதுல்ல" என்றார்.

பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஸ்டாப்புவரை கூடப் போனேன். பஸ் வந்தது. படியில் ஏறக் கை கொடுத்தேன், தட்டிவிட்டு அவரே ஏறினார். உட்கார்ந்தபின் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"அவரு ஏறுனா இன்னைக்கு இன்னாருன்னு சொல்லிப்போடறேன். உக்காந்துட்டே சொல்றேன்."

அன்றைக்குப் பெரியவர் ஏறவில்லை. அடுத்த புதன்கிழமை அப்பா வந்தபோது, குழந்தை எங்கே என்று கேட்பதற்கு முன்னால் அதைத்தான் சொன்னார். அதற்கு அடுத்த புதனும் ஏறவில்லை. அவருக்கு உடம்பு சரியில்லை, வெளியே வருவதில்லை என்று பிறகு யாரோ சொன்னார்கள். அதை நான் அப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் வருவதை நிறுத்திவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது.